கீழ் வீட்டுப் பெரியவரின் காந்தாரம்

சிகாகோ
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்று ஒரு வரிகூட நீங்கள் குறை சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, எனக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு வருவதில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான் படுத்துகிறது. ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். காரை விற்றுவிட்டேன், பனியில் அதை வைத்துக்கொண்டு மாரடிப்பதைவிட ரயிலே வசதி. சின்ன அத்தை கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி இன்னும் கால் டப்பா இருக்கிறது. டெவான் அவென்யூ கடைகளில் எல்லாம் கிடைக்கும், ஆனால் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கத்தான் மனசு வருவதில்லை. இப்போதெல்லாம் பகலிலும் நான் வீட்டில்தான்.

அதனால் கீழ் வீட்டுப் பெரியவர் பியானோ வாசிப்பது முழுக்கக் கேட்கிறது. எண்பது வயதுக்கு மேல். கறுப்பர். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டார். "அந்த ஊர்க்காரர்களுக்குக் கமகம் உண்டா?" என்று கேட்டிருந்தீர்களே, அவரைத்தான் கேட்க வேண்டும்.

பியானோவில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. நம் சங்கராபரண ராகம்தான் இவர்களுடைய மேஜர் ஸ்கேல். ஆனால் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை, அசைக்க வழியில்லை. நாம் கமகத்தால் ஒரு ஸ்வரத்தை அசைத்துத் தேடுவதை ஐரோப்பாக்காரர்கள் ச-க-ப என்று மூன்றை ஒன்றாக அடுக்கித் தேடினார்கள். அதுவும் அழகுதான், நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சத்தார் பாடிய க, அதாவது காந்தாரமோ, கீழே நிற்கும் சாதாரண காந்தாரத்துக்கும் மேலே நிற்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பெரியவர் என்ன செய்கிறார் தெரியுமா? கறுப்புக் கட்டையில் விரலை வைத்து, அப்படியே வழுக்கி வெள்ளைக் கட்டையில் விழுகிறார். சில சமயம் இரண்டையும் சேர்த்தே நசுக்குகிறார். இல்லாத கட்டை காதில் கேட்கிறது!

இதற்கு ப்ளூஸ் என்று பெயர். பார் என்கிற தாளத் துண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று, பாருக்கு நாலு அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம் எட்டு அடி ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். ச, ம, ப மூன்றுக்கும் கட்டிய அடுக்குகள்தான் முழுக்க, கடைசியில் ச-வுக்கு வந்துவிட வேண்டும்.

அவருடைய அப்பா மிசிசிப்பியில் பருத்தி பறித்தவராம். இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஏறி இங்கே வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் அப்படி வடக்கே வந்தார்கள். 1943இல் அதே மிசிசிப்பியிலிருந்து வந்த மடி வாட்டர்ஸ் என்ற பாடகருக்கு, இங்கத்து விடுதி இரைச்சலில் தன் கிதார் எடுபடவில்லை என்று எலெக்ட்ரிக் கிதாருக்கு மாற வேண்டியிருந்தது. மைக் வைத்த நாதஸ்வரமா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது.

ஒரு ஞாயிறு தன் சர்ச்சுக்கு அழைத்துப் போனார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். முன்வரிசைப் பொடியன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நாலு அடியில் நான் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறேன், இவர்களுக்கு இரண்டும் நான்கும். நாதஸ்வரக்காரர் மகனுக்கு வந்த கதி!

அங்கே பாடிய ஒரு பாட்டு தாமஸ் டோர்சி எழுதியது. முதலில் ப்ளூஸ் பியானோக்காரர். 1932இல் பாட வெளியூர் போயிருந்தபோது பிரசவத்தில் மனைவி இறந்துபோனார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியதாம். இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் வீட்டில் அதையே மெதுவாக வாசித்தார். எனக்கு அம்மா போன பிறகு வந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. பதினாறு நாள் உங்கள் வாத்தியம் உறையை விட்டு வரவில்லை. பதினேழாம் நாள் விடிகாலை, சீவாளியை மட்டும் வாயில் வைத்து நீங்கள் ஊதிப் பார்த்த சத்தம். திண்ணையில் படுத்திருந்த நான் எழுந்துகொள்ளவில்லை. அந்தச் சத்தம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது அப்பா. நீங்கள் வாசித்த தோடி ராகத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். காந்தாரம் வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சரி, அது இருக்கட்டும். மாசியில் அம்மாவின் திதிக்கு வர முடியும் என்று தோன்றவில்லை, லீவு கிடைப்பது கஷ்டம். அண்ணன் பார்த்துக்கொள்வான். நரசிங்கம்பேட்டையில் புது வாத்தியத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் பங்குனி வரை பொறுக்கச் சொல்லுங்கள், மீதியை நான் அனுப்புகிறேன். பல் கட்டுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அக்காவிடம் அந்த நகைக் கடன் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் வரப்புச் சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு: ரேஷன் கார்டில் அம்மா பெயரை எடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். தனியாகப் போக வேண்டாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.