தேன்காரருக்குத் தர வேண்டிய நானூறு ரூபாய்

தங்கச்சிமடம்
மே 19

அன்புள்ள ராஜி,

நலம். நீயும் அண்ணனும் நலந்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குக் கடிதமா என்று சிரிக்காதே. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "நீ எப்போதுமே அவசரக்காரிதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவாய். கிறிஸ்துமஸுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். ஆனால் நீ மட்டும் ஒழுங்கா? ரயில் இல்லை, ரயில் இல்லை என்று இரண்டு வருஷம் சாக்குச் சொன்னாய். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலிலேயே திறந்தாகிவிட்டது.

விஷயம் தேன்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அதனால் எங்கள் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் கரை ஒதுங்கியிருக்கிறார். உப்புக் குறைவு, புளி அதிகம் என்று காலை முதல் ராத்திரி வரை கணக்கெடுப்பு. வாயை அடைக்க ஏதாவது கடிக்கக் கொடுப்போமே என்று யோசித்தபோதுதான் பெரிய டீச்சரின் அலமாரி நினைவுக்கு வந்தது. அந்தத் தேன்கடலை மிட்டாய். அதற்குமேல் எழுதமாட்டேன், உன் மருமகள் கடிதத்தைப் படித்தாலும் படிப்பாள்.

அந்தச் சமயத்தில் ஒரு தேன்காரர் வந்தார். சைக்கிளில் தூக்குவாளி, வயது எழுபது இருக்கும். ராமநாதபுரத்துப் பக்கம் கருவேலங்காட்டில் எடுத்த கொம்புத்தேன், பாட்டில் நானூறு என்றார். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கரையாமல் நேரே அடிக்குப் போனது. வாங்கினேன்.

கால் கிலோ கடலையை வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்து வைத்துக்கொண்டேன். சீனி சேர்க்காமல் தேனை மட்டும் சின்னத் தீயில் காய்ச்சினேன். பால் மாதிரிப் பொங்குகிறது ராஜி, பெரிய சட்டியாக எடுத்திருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் முதலில் கரைந்தது, பிறகு மெழுகாய் உருண்டது, கடைசியில் விரலுக்கிடையில் "டக்" என்று ஒடிந்தது. உடனே கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பினேன். ஆறியதும் கண்ணாடிதான். தட்டைக் கவிழ்த்துத் தட்டியபோது கேட்ட சத்தத்துக்காகவே இன்னொரு தரம் செய்யலாம் போலிருந்தது.

ராத்திரி பார்த்தேன், விரல் ஒட்டியது. காலையில் தட்டு ஒரு குளம், அதில் கடலை மிதந்தது. பதம் போதவில்லையோ என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் காய்ச்சினேன், கருகிக் கசந்தது. "படகுக்குப் பூச குங்கிலியம் காய்ச்சுகிறாயா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். எனக்கு எரிச்சல் எங்கிருந்து வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் தேன்காரர் வந்தார். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால், "சீனிப்பாகைத் தேன் என்று விற்கிறீர்களே, இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்டுவிட்டேன். குளமாகிப்போன தட்டையும் எடுத்து வந்து காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், கடற்கரைப் பக்கம் பார்த்தார். "அம்மா, உப்பைத் திறந்து வைத்தால் இந்த ஊரில் என்ன ஆகும்?" என்றார். உப்பு வேறு, தேன் வேறு என்று நான் வெடுக்கென்று சொன்னேன். அவர் மடியை அவிழ்த்து நானூறு ரூபாயை எண்ணித் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை எடுத்துக்கொண்டேன். இதை எழுதத்தான் இத்தனை சுற்று.

பத்து நாள் கழித்து மார்த்தாண்டத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தேன் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் அவர்களே பெட்டி வைத்து எடுப்பது, அதில் யார் என்ன கலக்கப் போகிறார்கள்? அதே கடலை, அதே சட்டி, அதே பதம். மறுநாள் காலையில் அதே குளம்.

அண்ணன் மகன் வேதியியல் நடத்துகிறவன் அல்லவா, அவனைக் கேட்டேன். தேனில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பங்குதான் தண்ணீராம். பழச்சர்க்கரைதான் நாற்பது பங்குக்குப் பக்கம். அது காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம். காய்ச்சித் தண்ணீரை விரட்டினால் தாகம் இன்னும் கூடும். எங்களூர்க் காற்றில் அது எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்? பெரியவர் உப்புக் கதையில் சொன்னதும் இதைத்தான். எனக்குத்தான் காது இல்லை.

இந்த இடத்தில் நீ வக்கீல் வேலை பார்ப்பாய்: அப்படியானால் அவர் தேன் சுத்தமா? எனக்குத் தெரியாது. தண்ணீரில் மூழ்குவது சாட்சியே இல்லை, சீனிப்பாகும் மூழ்கும். ஆனால் நான் நாலு பேர் முன்னால் நீட்டிய சாட்சியும் பொய்ச்சாட்சிதான்.

மிட்டாய் ஒருவழியாக வந்துவிட்டது. ஒரு டம்ளர் சீனி, கால் டம்ளர் தேன், இரண்டு கரண்டித் தண்ணீர். ஒடியும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு டம்ளர் கடலை, ஒரு கைப்பிடி முந்திரி. சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடு, ஆறினால் உளிதான் வேண்டும். ஒவ்வொரு துண்டையும் வெண்ணெய்த் தாளில் சுற்றி, இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஐந்து நாளாகியும் ஒடிகிறது. வீட்டுக்காரர் வாய் அடைபட்டிருக்கிறது, அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதும் அதனால்தானாம்.

சின்னவனிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன், கேள். உன் பேத்திக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. சேனை வைத்த பழக்கத்தில் உன் சம்பந்தியம்மாள் இதையும் நாக்கில் தடவ வருவார். விடாதே. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளரவைத்து, மூச்சையே முடக்கிவிடும். நம் அடுப்பில் காய்ச்சினாலும் அது சாகாது. சண்டை வந்தாலும் வரட்டும்.

அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வரவே இல்லை. உங்கள் ஊர் அரண்மனைப் பக்கம் சைக்கிளோடு நிற்பதைப் பார்த்ததாக மீன்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். இடது காதில் கடுக்கன், பச்சை நிறத் தூக்குவாளி. மார்க்கெட்டுக்குப் போகும்போது கொஞ்சம் கண்ணை வைத்திரு. டப்பாவுக்கு அடியில் ஒரு கவரில் நானூறு ரூபாய் இருக்கிறது, அது அவருக்கு. மேலே இருக்கும் நாலு துண்டும் அவருக்குத்தான், நீ தின்றுவிடாதே. வாங்க மறுத்தால் எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடு. உன் முன்னால் பேச வெட்கமாகத்தான் இருக்கும், பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
மேரி

பி.கு.: எவர்சில்வர் டப்பாவைத் திருப்பி அனுப்பு. போன டப்பாவே இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.