பாட்டி வாசித்த பதினொரு புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை காலை குடும்பத்தோடு ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தோம். ஜூன் விடுமுறையில் பிள்ளைகள் நூலகப் புத்தகங்களைப் படிக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டாரத்தில் நடத்திய வாசிப்புச் சவாலுக்கான விழா அது. இருபது புத்தகம் படித்து அட்டையில் குறித்துக் கொடுத்தால் பதக்கமும் சான்றிதழும் உண்டு. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகள் இருபதையும் முடித்திருந்தாள். அவளோடு நான், மனைவி, பாலர் பள்ளிக்குப் போகும் மகன், என் அம்மா என ஐந்து பேரும் பேருந்து ஏறினோம். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச் சேலையை அம்மா கட்டிக்கொண்டு வந்தார்.

விழா முக்கால் மணி நேரம் தாமதம். சரி, மைலோவும் கறிபஃப்பும் இருந்ததால் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் மகள் ஓடிய வேகத்தில் ஒரு காலணி கழன்று படியிலேயே நின்றுவிட்டது. ஒற்றைக் காலணியோடுதான் பதக்கம் வாங்கினாள்.

பதக்கத்தோடு வாசிப்பு அட்டையும் திரும்பி வந்தது. இந்தக் கடிதம் அந்த அட்டையைப் பற்றித்தான். முன்பக்கம் இருபது புத்தகங்களுக்கும் சரிக்குறி போட்டிருந்தார்கள். பத்தொன்பது ஆங்கிலம், ஒன்று தமிழ். பின்பக்கத்தில், அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் பதினொரு தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள் இருந்தன. அத்தனையின் மேலும் சிவப்பில் ஒரு கோடு. மேசையில் இருந்த தொண்டூழியரிடம் என் மனைவி போய்க் கேட்டாள். சின்னப் பெண், தன்மையாகத்தான் பேசினார். பிள்ளை தானே படித்தால்தான் கணக்கு, யாராவது வாசித்துக் காட்டினால் சேராது என்பது விதியாம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. விதியைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

அந்தப் பதினொன்றும் எப்படி வாசிக்கப்பட்டன என்று பக்கத்து அறையில் இருந்து கேட்டவன் நான். அம்மா உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1982இல் மூடப்பட்ட அந்தப் பள்ளியின் பேரைச் சொன்னால் இன்றும் நிமிர்ந்து உட்காருவார். இரவு சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து வாசிப்பார். பாதி வாக்கியத்தில் வேண்டுமென்றே நிறுத்துவார். மகள் எழுத்துக்கூட்டி முடிப்பாள். 'ழ' வரும் இடத்தில் மட்டும் விடமாட்டார், நாக்கு மடியும்வரை திரும்பச் சொல்லச் சொல்வார்.

ஒரு நாள் கதையில் 'முறம்' என்ற சொல் வந்தது. வீவக அடுக்குமாடி வீட்டில் முறத்துக்கு எங்கே போவது? அம்மா எழுந்து, உங்கள் நாளிதழைத்தான் எடுத்தார் (மன்னிக்க வேண்டும்), நாலு ஓரத்தையும் மடக்கி, ஒரு பிடி அரிசியைப் போட்டுப் புடைத்துக் காட்டினார். மறுநாள் காலை பிள்ளைகள் இருவரும் அதே வேலையைத் தாங்களாகச் செய்ததில் வரவேற்பறை முழுக்க அரிசி. கூட்டி எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சொல் அவர்களுக்கு இனி மறக்காது. அந்தப் புத்தகத்தின் மேலும் ஒரு சிவப்புக் கோடு.

அப்புறம், மகள் போட்ட கணக்கையும் சொல்லிவிட வேண்டும். விடுமுறையின் இரண்டாம் வாரத்திலேயே, "அப்பா, ஒரு தமிழ் புக் படிக்கிற நேரத்தில நாலு இங்கிலீஷ் புக் முடிச்சிடலாம்" என்றாள். தப்பே இல்லாத கணக்கு. பள்ளியில் தமிழைத் தவிர மற்ற எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் என்பதால் அவளுக்கு ஆங்கிலத்தில் கண் ஓடுகிறது, தமிழில் நடக்கிறது. எண்ணிக்கைதான் போட்டி என்றால் பிள்ளை எந்த அலமாரிக்குப் போகும்? அதிலும் ஒல்லியான புத்தகமாகத் தேடித்தான் எடுத்தாள். நூற்றுச் சொச்சம் படித்ததாகக் கோப்பை வாங்கிய பையனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவனுடைய பட்டியலில் தமிழ் எத்தனை என்று மேடையில் யாரும் கேட்கவும் இல்லை.

சிங்கப்பூரில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. தமிழ் இருக்கும் வீடுகளிலும் அது பல சமயம் தாத்தா பாட்டியின் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் வாசித்துக் காட்டுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு எதைச் சேர்ப்பது?

வாசித்துக் காட்டுவதும் வாசிப்புதான் என்பது இங்கே புதிதும் அல்ல. தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய கிட்ஸ்ரீட் திட்டத்தில் தொண்டூழியர்கள் 4 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதுதானே வேலை! பிரிட்டனின் பொது நூலகங்கள் 1999 முதல் நடத்தும் கோடைகால வாசிப்புச் சவாலில் நெடுங்காலம் ஆறு புத்தகங்கள் போதும் என்றே இருந்தது. பிள்ளைக்குப் பிடித்த எதையும் எடுக்கலாம். ஒலிப்புத்தகமும் சேர்த்தி. காதால் கேட்பது அங்கே கணக்கில் வருகிறது, எங்கள் வீட்டுப் பாட்டியின் குரல்தான் வரவில்லை.

அடுத்த ஆண்டு இப்படிச் சவால் நடத்துவோர் அட்டையில் தாய்மொழிக்குத் தனிப் பத்தி ஒதுக்கட்டும். ஐந்து புத்தகம் போதும். 'யார் வாசித்தது' என்று ஒரு கட்டம் போட்டு, பாட்டி, தாத்தா, அக்கா என்று எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளட்டும். எங்கள் அட்டையைச் சரிபார்த்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கவாவது தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் நல்லது.

வீடு திரும்பும்போது பேருந்தில் அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். "எதுக்குக் கோடு போட்டாங்க?" என்று கேட்டார். பார்த்து முடித்ததற்கு அடையாளம் என்று சொல்லி வைத்தேன். நம்பினாரா தெரியவில்லை.

கோடு போட்ட பதினொன்றில் நான்கு இன்னும் வீட்டில் இருக்கின்றன. 21 நாள் தவணை புதன்கிழமையோடு முடிகிறது. மூன்றைப் பையில் எடுத்து வைத்துவிட்டோம். முறம் வந்த புத்தகத்தைத்தான் காணவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் இருவரும் பாட்டியைக் கை காட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்