ஈயம் மதில் சுவரோடு நின்றுவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் ஒமாஹா நகரத்து ஈய உருக்காலை பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1997-இல் அது மூடப்பட்டு, ஆலை நின்ற இடம் பூங்காவாகிவிட்டது. ஆனால் புகைக்கூண்டிலிருந்து பறந்த ஈயத்தூள் ஊரெங்கும் படிந்திருந்ததால், 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் மண்ணைத் தோண்டி மாற்ற வேண்டி வந்தது.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் எல்லையிலும், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது அங்கே கல் ஊன்றி பிளாட் போடுகிறார்கள். மேலே நாலு லோடு செம்மண் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். சரியாகாது. ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல, தலைமுறை கடந்தும் மேல்மண்ணிலேயே கிடக்கும். பேட்டரி ஆசிட் கொட்டிய மண்ணென்றால் தண்ணீரோடு இன்னும் சுலபமாக நகரும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனக்குப் பெரிய கவலை ஊருணிதான். பொட்டலில் விழும் மழையையும் வீணாக்காமல் வரத்துக்கால் வெட்டி ஊருணிக்குக் கொண்டுவந்த சீமை இது. எங்கள் ஊருணியின் வரத்துக்கால் அந்தப் பட்டறையை ஒட்டித்தான் வருகிறது. பட்டறைக்குள் மட்டும் மண் எடுத்துச் சோதித்தால் போதாது. வரத்துக்கால் மண், ஊருணி வண்டல், காற்று வீசும் திசையிலுள்ள வீட்டு வாசல் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும்.

மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025-இல் விதிகள் கொண்டுவந்துள்ளது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. சிவகங்கை மாவட்ட நிர்வாகம் இந்த இடத்தையும் சேர்க்க வேண்டும். அப்புறம், சோதனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்து கொண்டுவந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரியும் ஈயமும் அவர்கள் ஆராய்கிற விஷயங்கள்தான், அவர்களின் உதவியைக் கேட்கலாம்.

முடிவு வரும்வரை பிளாட்டுக்கு அனுமதி தரக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்தவர்களும் பத்திரம் பதியும் முன் மண் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி வட்டம்.