க்யூர்பீப்பிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "இருக்கியா, இல்லியா" என்று கேட்டிருந்தாய். நாலு மாதம் எழுதாமல் விட்டது என் தப்புதான். ஓவர்டைம்.

சின்ன மாமா மகளும் மாப்பிள்ளையும் மொரீஷியஸ் வருகிறார்களாமே. கடலை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். ஷமரேலில் ஏழு வண்ண மண்ணைப் பார்க்கச் சொல். எரிமலைப் பாறை மக்கி, அதிலிருந்த இரும்பும் அலுமினியமும் ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று நிறம் காட்டுகின்றன. கோயில் வாசலில் குங்குமத்தையும் மஞ்சளையும் குவித்து வைத்த மாதிரி மேடு மேடாகக் கிடக்கும். கால் வைக்க விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பாம்ப்லமூஸ் தோட்டத்தில் தாளிப்பனை நிற்கிறது. 30, 40 வருஷம், அதற்கு மேலும்கூடச் சும்மா நின்றுவிட்டு, ஒரே தடவை உச்சியில் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். நம் பக்கத்து மரம்தான். பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்தாற்போல் இருந்தது.

இங்கே 25 ரூபாய் நோட்டு உண்டு, அதில் தமிழும் அச்சடித்திருக்கிறது! ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், சாமி படத்தருகே வை. இந்த மாதம் இவ்வளவுதானா என்று நினைக்காதே, மீதி பின்னால் வரும்.

ஆடி மாதம் இங்கே குளிர்காலம். க்யூர்பீப் மேட்டில் தூறல் விடுவதே இல்லை, துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயவில்லை. கீழ்வீட்டுத் தாத்தா அப்படியேதான் இருக்கிறார். பேச்செல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர்ப் பேச்சு. முருகன் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுத்துக்கூட்டிப் பாடுவார், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஒரு கிண்ணத்தோடு வந்து "ரசோன், ரசோன்" என்றார். மூடியைத் திறந்தால் ரசம்! புளி ஜாஸ்தி, அம்மா கைப்பக்குவம் இல்லை. அவர் போன பிறகும் கிண்ணம் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன் அக்கா, குடிக்க முடியவில்லை.

சரி, அதை விடு. காய்ச்சல் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

மாமா மகளை என் அறைக்கு அனுப்பாதே, வெள்ளையடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நானே அவர்கள் ஹோட்டலுக்குப் போய்ப் பார்க்கிறேன். வளையலை மீட்கத் தை வரை பொறுத்துக்கொள். வட்டியை மட்டும் அத்தானைக் கட்டச் சொல். தெற்கு வரப்புக்காகப் பெரியப்பாவிடம் மல்லுக்கு நிற்காதே, சர்வேயர் வந்து கல் நடட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அவர்களிடம் அம்மா அரைத்த ரசப்பொடி கொஞ்சம் கொடுத்துவிடு. தாத்தாவுக்கும் சேர்த்து.

உன் தம்பி