நடந்து விளையாடும் மொபைல் விளையாட்டுகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போக்கிமான்கள் என்ற கற்பனை உயிரினங்களைக் கைபேசி வரைபடத்தில் தேடிப் பிடிக்கும் போக்கிமான் கோ போன்ற, வெளியே நடந்து போய் விளையாட வேண்டிய மொபைல் விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். வீட்டை விட்டு நகராத பிள்ளை இப்போது நாலு பேரோடு சேர்ந்து சுற்றுகிறான் என்று சிலருக்கு மகிழ்ச்சி. பூங்காவுக்கே போனாலும் தலை நிமிராமல் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சிலருக்குக் கவலை. இரண்டும் உண்மைதான். ஒரே விளையாட்டின் ஒரு பகுதி பிள்ளைகளைச் சேர்த்துவைக்கிறது, இன்னொரு பகுதி தனியாக்குகிறது. அனுமதிப்பதா, தடுப்பதா என்று முடிவு செய்யும் முன், உங்கள் பிள்ளை அதில் எந்தப் பகுதியை விளையாடுகிறது என்று பாருங்கள். அதற்கு உதவத்தான் இந்தக் கடிதம்.

சேர்த்துவைக்கும் விதி எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம், நியான்டிக் நிறுவனம் 2012 இறுதியில் சோதனைப் பதிப்பாக வெளியிட்ட இன்கிரஸ். அதில் சிலைகள், நினைவுச்சின்னங்கள் போன்ற உண்மையான இடங்கள் 'போர்ட்டல்' ஆகின்றன. ஒவ்வொரு போர்ட்டலிலும், அதைக் கைப்பற்ற உதவும் ரெசனேட்டர் என்ற விளையாட்டுக் கருவிகள் எட்டைப் பொருத்தலாம். ஆனால் எட்டாம் நிலை ரெசனேட்டரை ஒருவர் ஒரு போர்ட்டலில் ஒன்றுதான் வைக்க முடியும். ஆகவே ஒரு போர்ட்டல் எட்டாம் நிலைக்கு வர வேண்டுமானால், அந்த நிலையை எட்டிய எட்டு பேர் அதே இடத்துக்கு வந்தாக வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே, முன்பின் தெரியாதவர்கள் நேரம் குறித்து ஒரு தெருமுனையில் கூடினார்கள்.

2016 ஜூலையில் அதே நிறுவனம் வெளியிட்ட போக்கிமான் கோவில் அப்படிப்பட்ட கட்டாயம் தொடக்கத்தில் இல்லை. நண்பர் பட்டியலும் இல்லை, பரிமாற்றமும் இல்லை. வரைபடத்தில் தோன்றும் ஒரு போக்கிமானை அங்கே நிற்கும் எல்லாரும் தனித்தனியாகப் பிடிக்கலாம், ஒருவர் பிடித்ததால் மற்றவருக்குக் குறைவதில்லை. 'அதோ, அந்த மரத்துப் பக்கம் இருக்கிறது' என்று அறிமுகமில்லாதவரிடமும் தாராளமாகச் சொல்ல இது வழி செய்தது. அதே விதியால், யாரிடமும் பேசாமலேயே முழு மாலையும் விளையாடவும் முடிந்தது. பிடிப்பது, விளையாட்டுப் பொருட்கள் தரும் இடமான போக்கிஸ்டாப்பைத் திரையில் சுழற்றுவது, முட்டை பொரிக்க நடப்பது எல்லாம் இன்றும் தனி ஆள் வேலைதான். உங்கள் பிள்ளை இவற்றை மட்டும் செய்துகொண்டிருந்தால், பக்கத்தில் இருபது பேர் நின்றாலும் அது தனியாகத்தான் விளையாடுகிறது.

புதுமையின் கவர்ச்சியும் நெடுநாள் நிற்பதில்லை. அமெரிக்க இளைஞர்களிடம் நடத்தி 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், விளையாட்டை நிறுவிய முதல் வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடின. ஆறாவது வாரத்துக்குள் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டது. நடப்பதற்காகவே அனுமதிக்கிறோம் என்று நினைக்கும் பெற்றோர் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2017 ஜூனில் வந்த ரெய்டு, அதாவது பலர் சேர்ந்து ஒரு போக்கிமானோடு மோதும் போர், நிலைமையை மாற்றியது. ஜிம் எனப்படும் போர் நடக்கும் இடம் ஒன்றில் வலிமையான போக்கிமான் சுமார் 45 நிமிடம் நிற்கும். எளிதான ஒரு நட்சத்திர ரெய்டைத் தனியாக முடிக்கலாம். கடினமான ஐந்து நட்சத்திர ரெய்டுக்குப் பொதுவாகப் பலர் தேவை, புதிதாக விளையாடும் பிள்ளைகள் என்றால் இன்னும் கூடுதல் பேர். அதன் போர் நேரம் 300 விநாடி. இங்கேதான் பிள்ளைகள் உண்மையாகவே பேசிக்கொள்கிறார்கள்: யார் எதை இறக்குவது, யாரிடம் பாஸ் (ரெய்டுக்கான நுழைவுச் சீட்டு) இருக்கிறது, இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று.

சண்டை வருவதும் இங்கேதான். முதல் ஆள் உள்ளே நுழைந்ததுமே லாபியின் (போருக்கு முன் காத்திருக்கும் அறையின்) 120 விநாடி ஓடத் தொடங்கிவிடும். ஆர்வத்தில் ஒருவன் தட்டிவிட, பாஸ் எடுக்காதவனும் இணையம் மெதுவாக இருப்பவளும் வெளியே நிற்க நேரிடும். ஒரு லாபியில் 20 பேருக்குத்தான் இடம், கூட்டம் அதிகமானால் நண்பர்கள் வேறு வேறு லாபிகளில் சிதறிவிடுவார்கள். தீர்வு எளிது. எல்லாரும் ஜிம்மைச் சுழற்றி அன்றைய இலவச பாஸை வாங்கிக்கொள்ளட்டும், போரில் இறக்கும் போக்கிமான்களைத் தேர்ந்து வைக்கட்டும். 'தயார்' என்று அத்தனை பேரும் வாயால் சொன்ன பிறகு ஒருவர் மட்டும் தனிக் குழுவைத் தொடங்கி, திரையில் வரும் குறியீட்டை மற்றவர்களுக்குக் காட்டட்டும். அந்தக் குறியீட்டைப் போடுபவர்கள்தான் உள்ளே வர முடியும், அறிமுகமில்லாதவர்கள் நடுவில் சேரமாட்டார்கள்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், ரிமோட் ரெய்டு பாஸ் வந்தது. வீட்டில் இருந்தபடியே தொலைவில் நடக்கும் ரெய்டில் சேரலாம். வெளியே வர முடியாத, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. ஆனால் நேரில் வருவதற்கான காரணத்தையே அது எடுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் நிறுவனம் விலையை உயர்த்தி, ஒரு நாளைக்கு ஐந்து என்று வரம்பு வைத்தபோது விளையாடுபவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. உங்கள் பிள்ளை அறைக்குள் இருந்தபடி ரெய்டு ரெய்டாக முடிக்கிறது என்றால், அது இந்தப் பாஸால்தான். காசும் செலவாகிறது, கூடவே யாரும் இல்லை. உடல்நிலை இடம்கொடுக்கும் பிள்ளைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவுக்கு, 2023 அக்டோபரில் வந்த பார்ட்டி ப்ளே பொருத்தமானது. ஒருவர் தொடங்கி கியூஆர் குறியீட்டைக் காட்ட, மற்ற மூவர் அதை ஸ்கேன் செய்து சேர்கிறார்கள். அருகருகே இருந்தபடி ஒரு மணி நேரம் பொதுவான இலக்குகளை முடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்பதே வீட்டுக்கு வர வேண்டிய நேரத்தைப் பேசி முடிவு செய்ய வசதியான அளவு.

பரிமாற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன. 2018 ஜூனில் நண்பர் பட்டியலோடு வந்த இந்த வசதிக்கு, வழக்கமாக இருவரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நேரில் சந்திக்க வைக்கும் நல்ல விதி. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரு போக்கிமானை ஒருமுறைதான் கைமாற்ற முடியும், பிறகு 'திருப்பிக் கொடு' என்று அழுதாலும் வழி கிடையாது. மேலும், கைமாறும்போது அதன் உள்வலிமை எண்கள் புதிதாகக் கணக்கிடப்படும். சிறந்ததாக இருந்தது சாதாரணமாகப் போய்ச் சேரலாம். கொடுத்தவன் ஏமாற்றினான் என்று வாங்கியவன் நினைப்பான், ஆனால் ஏமாற்றியது யாருமில்லை. மூத்த பிள்ளை இளையவனிடமிருந்து அரிய ஒன்றை நயமாகப் பேசி வாங்கிவிடுவதும் நடக்கிறது. உறுதி செய்யும் பொத்தானை அழுத்தும் முன் இருவரும் திரையில் இருப்பதை உரக்கப் படிக்க வேண்டும், அரிய வகை என்றால் ஒரு நாள் யோசிக்க வேண்டும் என்று வீட்டில் விதி வையுங்கள்.

நட்பு நிலைகளும் இதோடு சேர்ந்தவை. ஒரு நண்பரோடு ஒரு நாளில் எத்தனை முறை விளையாடினாலும் ஒன்றாகத்தான் கணக்கு. 7, 30, 90 நாள் கணக்கில் நிலை உயரும், நடுவில் ஒரு நாள் விட்டால் பழைய கணக்கு அழியாது. தன்னிடம் இல்லாத லெஜண்டரி (மிக அரிய வகை) ஒன்றைப் பரிமாற்றத்தில் பெற, தொடக்க நிலை நண்பரோடு 10 லட்சம் ஸ்டார்டஸ்ட் (விளையாடிச் சேர்க்கும் புள்ளிகள்) ஆகும், 90 நாள் நண்பரோடு 40,000 போதும். பொறுமையான நட்புக்கு இது பரிசு. ஒரே நண்பனோடு தினமும் நடந்து 90 நாளை எட்டுகிற பிள்ளைக்கு உண்மையான தோழமை கிடைக்கிறது. அதே இலக்கை, 12 இலக்க ஃப்ரெண்ட் கோடை இணையத்தில் போட்டு, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துக்கொண்டும் எட்டலாம். பட்டியல் நீளும், பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இங்கே பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். நண்பருக்கு அனுப்பும் கிஃப்டில், அது எடுக்கப்பட்ட போக்கிஸ்டாப்பின் பெயரும் படமும் ஊரும் தெரியும். தினமும் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரே இடத்தில் எடுத்துத் தினமும் அனுப்பினால், பிள்ளை எங்கே நடமாடுகிறது என்பதைப் பெறுபவர் எளிதில் ஊகிக்கலாம். பிள்ளையோடு உட்கார்ந்து நண்பர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் 'இது யார்?' என்று கேளுங்கள். விடை தெரியாத பெயரை நீக்கிவிடுங்கள். நீக்கியதாக அந்த நபருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. விளையாட்டுப் பெயரில் சொந்தப் பெயரோ பிறந்த ஆண்டோ பள்ளியின் பெயரோ இருக்க வேண்டாம். கணக்குத் திறக்கும்போது உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். வயதைக் கூட்டிக் காட்டித் திறந்த கணக்கில், சிறுவர் கணக்குக்கு உரிய பெற்றோர் கட்டுப்பாடுகள் எதுவும் இருக்காது.

பலரும் கவனிக்காத ஒன்று: போக்கிமான் கோ விளையாட்டுக்குள் அரட்டை வசதி வைக்கப்படவில்லை. அதனால் ரெய்டுக்கு ஆள் சேர்ப்பது வாட்ஸ்அப், டிஸ்கார்டு, டெலிகிராம் குழுக்களுக்கும் கேம்ப்ஃபயர் என்ற துணைச் செயலிக்கும் போய்விட்டது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், ஆனால் பெரியவர்கள். அந்தக் குழுவில் இல்லாத பிள்ளை ரெய்டைத் தவறவிடுகிறது, வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பிள்ளையின் தொலைபேசி எண் முன்பின் தெரியாதவர்களிடம் போகிறது. குழுவில் நீங்கள் இருங்கள். நேரத்தையும் இடத்தையும் நீங்கள் பார்த்துப் பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வேலை அதிகமாகும், தெரிந்தேதான் கேட்கிறேன்.

தனிச் செய்தி அனுப்பி, 'நீ மட்டும் வா, அங்கே அரிய ஒன்று இருக்கிறது' என்று அழைப்பவர் யாராக இருந்தாலும் போகக் கூடாது. ஒரு போக்கிஸ்டாப்பில் லூர் என்ற, போக்கிமான்களை ஈர்க்கும் பொருளைப் போட்டால் வழக்கமாக 30 நிமிடம் அது எல்லாருடைய வரைபடத்திலும் தெரியும், யார் வேண்டுமானாலும் போடலாம். 2016 ஜூலையில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், இந்த விளையாட்டைப் பயன்படுத்தி ஆட்களை ஒதுக்குப்புறமான இடத்துக்கு வரவைத்துக் கொள்ளையடித்ததாகச் சில இளைஞர்களைப் போலீசார் கைது செய்தார்கள். லூர் தெரிந்தாலும், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இல்லாத இடத்துக்குக் குழுவாகக்கூடப் போக வேண்டாம்.

பெரிய நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் சிகாகோவில் நடந்த முதல் போக்கிமான் கோ ஃபெஸ்ட்டில் சுமார் 20,000 பேர் கூடியபோது, விளையாட்டும் மொபைல் நெட்வொர்க்கும் திணறிப்போயின. விளையாட்டு நின்றால் ஏமாற்றம் மட்டும்தான். அழைப்பும் போகாமல் பிள்ளை பிரிந்துவிட்டால் என்ன செய்வது? உள்ளே நுழையும்போதே ஒரு சந்திப்பு இடத்தைக் காட்டி வையுங்கள், உங்கள் எண்ணைத் தாளில் எழுதிப் பையில் போடுங்கள். ஜி.பி.எஸ்.ஸும் திரையும் சேர்ந்து பேட்டரியை வேகமாகத் தீர்க்கும், பவர் பேங்க் அவசியம்.

விளையாட்டில் வேறு வேறு அணிகளில் சேர்ந்திருப்பவர்கள் ஒருவர் ஜிம்மை மற்றவர் பிடிப்பதில் வரும் பகை பெரும்பாலும் கணக்குத் தெரியாததால் வருவது. ஜிம்மில் நிற்கும் போக்கிமான் 10 நிமிடத்துக்கு ஒரு காயின் (விளையாட்டுக்குள் செலவிடும் காசு) ஈட்டும், ஒரு நாளுக்கு 50 தான் உச்சம், அதற்கு 8 மணி 20 நிமிடம் போதும். அதற்கு மேல் நிற்பதில் காயின் லாபம் இல்லை. காயின்கள் கைக்கு வருவதும் போக்கிமான் வெளியேற்றப்பட்டுத் திரும்பும்போதுதான். ஆகவே எதிரணித் தோழன் மாலையில் வந்து கவிழ்ப்பது உதவிதான். வைத்த ஐந்தாம் நிமிடத்தில் கவிழ்ப்பதுதான் வருத்தம் தரும். இதை ஒருமுறை விளக்கிவிட்டால், வேறு வேறு அணிப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு நண்பர்களாகவே விளையாடுவார்கள்.

கைபேசி இல்லாத பிள்ளைகளையும், வீட்டருகே போக்கிஸ்டாப்பே இல்லாத பிள்ளைகளையும் இந்த விளையாட்டுகள் ஒதுக்கிவிடுகின்றன. இந்த இடங்களில் பெரும்பகுதி இன்கிரஸ் விளையாடியவர்கள் முன்மொழிந்தவை. அவர்கள் அதிகம் இருந்த நகர மையங்களில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் அரிதாகவும் இருக்கின்றன. அத்தகைய பிள்ளைகளோடு சேர்ந்து போக ஜியோகேச்சிங் ஏற்றது. 2000 மே மாதம் தொடங்கிய இந்த விளையாட்டில், யாரோ ஒளித்து வைத்த சிறு பெட்டியை ஜி.பி.எஸ். உதவியால் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு கருவி போதும். கடைசிச் சில மீட்டர்களில் ஜி.பி.எஸ். துல்லியமாகக் காட்டாது என்பதால் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடியாக வேண்டும். திரை மறைந்ததும் பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள். ஏட்டில் சொந்தப் பெயருக்குப் பதில் குழுவுக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை: பள்ளி நேரத்தில் கைபேசிக் கட்டுப்பாடு எப்போதும்போலத் தொடரும். விளையாட்டின் விதிகளின்படி தொடக்க, உயர்நிலைப் பள்ளி வளாகங்களில் போக்கிஸ்டாப்போ ஜிம்மோ இருக்கக் கூடாது. வளாகத்துக்குள் ஏதாவது தெரிவதாக உங்கள் பிள்ளை சொன்னால், அதன் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், நீக்கக் கோரிப் பள்ளியே விண்ணப்பிக்கும். விளையாட்டு வழியாக யாராவது பெரியவர் உங்கள் பிள்ளையைத் தனியே சந்திக்கக் கேட்டிருந்தால், அந்தச் செய்தியை அழிக்காமல் அன்றே என்னிடம் கொண்டுவாருங்கள். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம், திட்டு விழும் என்று பயந்தால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்