கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்காத பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வகுப்பறை கட்டும்போது வெளிச்சம், காற்று எல்லாம் பார்க்கிறார்கள். ஓசையை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. நான் சொல்லும் சொல் குழந்தையின் காதுக்கு நேராக ஒருமுறை போகிறது. அப்புறம் சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. உயிரெழுத்தின் நீண்ட ஓசை அறையில் தங்கிவிட, சட்டென முடியும் க, த, ப போன்ற வல்லினங்கள் அதற்குள் அமுங்கிப் போகின்றன. குரலை உயர்த்தினாலும் பயனில்லை, இப்படி மோதித் திரும்பி நீளும் ஓசையான முழக்கமும் சேர்ந்தே உயர்கிறது. காது மந்தமான பிள்ளைகளின் பாடு இன்னும் கஷ்டம்.

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே குறையுள்ள விரிவுரை அரங்கை ஆராயத் தொடங்கிய இயற்பியலாளர் வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு அளந்தார். மெத்தைகள் கூடக்கூட ஓசை சீக்கிரம் அடங்கியது. வகுப்பறையில் முழக்கம் ஏறத்தாழ 0.6 விநாடியில் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 1999 வழிகாட்டி.

கட்டி முடித்த அறைகளிலும் கூரையிலும் பின்சுவரிலும் ஓசை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தலாம். மெல்லிய திரைச்சீலை போதாது. புதிய கட்டடங்களுக்கு வரைபடத்திலேயே இதைச் சேர்க்கும்படி பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை