கணையக் குழாய் ஸ்டென்ட்டை உரிய தேதியில் மாற்றக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறை உயர் அலுவலர் அவர்கள், டெல்லி.

அனுப்புநர்:
ஜங்புரா மதராசி கேம்ப்பிலிருந்து நரேலாவுக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் நோயாளி உதவிக் குழுவினர்.

மதிப்பிற்குரிய ஐயா,

கணையக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டை (குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு குழல்) உரிய தேதியில் மாற்றக் கோரிய முந்தைய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. எங்கள் கேம்ப் இருந்த பாராபுல்லா கால்வாய்க் கரையும், நகரின் வடக்கு ஓரத்தில் உள்ள நரேலா குடியிருப்பும் தாங்கள் அறிந்தவைதான். அதனால் விளக்கமின்றி எழுதுகிறோம்.

1. கணையக் குழாயில் கல் உள்ள எங்கள் நோயாளிகளுக்குத் தரும் சிகிச்சை முறையில் எங்களுக்குக் குறையில்லை. கணையத்தின் தலைப் பகுதியிலோ நடுப் பகுதியிலோ முக்கியக் குழாயை அடைத்து, எக்ஸ்ரேயில் தெரிகிற, 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு, உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலை நல்ல வழி. 3 மி.மீ.க்கும் சிறிய துகளாக உடைத்து, தேவைப்பட்டால் ஈஆர்சிபி (வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டுக் கணையக் குழாயை அடையும் முறை) மூலம் எடுக்கிறார்கள். சிலருக்குக் கணைய அழற்சி வரும், பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

2. சிக்கல் ஸ்டென்ட்டில். குழாய் சுருங்கியவர்களுக்கு 10 பிரெஞ்ச், அதாவது சுமார் 3.3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைக்கிறார்கள். புரதமும் கால்சியமும் படிந்து அது அடைத்துக்கொள்ளும். வலியே இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குள் மாற்றச் சொன்னது ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2012 வழிகாட்டுதல். தவறினால் தொற்று, காய்ச்சல், பழைய வலி. உள்ளே நழுவிவிட்டால் எடுப்பதே தனிப் பாடு.

3. தேதி ஏன் தவறுகிறது? மருத்துவமனைச் சீட்டில் இன்னும் ஜங்புரா விலாசம். கேம்ப்பை 2025 ஜூனில் இடித்தாயிற்று. இல்லாத வீட்டுக்குக் கடிதம் போய் என்ன பயன்? ஈஆர்சிபிக்கு முந்தைய இரவிலிருந்தே வெறும் வயிறு. கணையம் கெட்டவர்களில் பலர் இன்சுலின் போடுகிறவர்கள். விடியுமுன் நரேலாவில் கிளம்பி, இரண்டு மூன்று பஸ் மாறி வந்து உட்கார்ந்திருப்பவரிடம் மதியம் இரண்டு மணிக்கு, "மயக்க மருந்து டாக்டர் இல்லை, அடுத்த மாதம் வா" என்றால் சர்க்கரை இறங்கி அங்கேயே சாய்கிறார். அடுத்த மாதமும் அதே பேச்சு. ஸ்டென்ட்டுக்கு அடுத்த மாதம் என்பது தெரியுமா ஐயா? அது பாட்டுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது!

4. ஒரு பதிவேடு போதும்: ஸ்டென்ட் வைத்த நாள், அளவு, எடுக்க வேண்டிய கடைசி நாள், நோயாளியின் கைபேசி எண், வீட்டார் ஒருவரின் எண். பத்து நாள் முன்னால் ஒரு போன். இன்சுலின் போடுபவர்களைக் காலையில் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். ரத்து செய்வதானால் முந்தைய நாள் மாலைக்குள் சொல்லட்டும்.

5. கல் எடுத்து 6 முதல் 8 வாரத்தில் வலி குறையாதவரை அறுவை மருத்துவரிடமும் காட்ட வேண்டும். நெதர்லாந்தில் 88 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், முதலிலேயே அறுவை செய்துகொண்டவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. எல்லாருக்கும் ஸ்டென்ட்டே கதி என்று விட்டுவிடக் கூடாது.

6. ஐந்தாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் தேதி, ஐயா. அதை மட்டுமாவது இந்த மாதமே.

இப்படிக்கு,
உதவிக் குழுவினர், நரேலா.
(இந்தி நகல் இணைப்பு. முந்தைய இரண்டு மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளும்.)